வேஷக்காரன் பெண்டாட்டி

பாலையா காலனியில் குழாய் திறக்கிற நேரத்தை யாரும் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மூக்கே சொல்லிவிடும். முதலில் நாற்றம் வரும், பிறகு காற்று வரும், அப்புறம் போனால் போகிறதென்று தண்ணீர் வரும். வெளிறிய டீயின் நிறத்தில் இருக்கும். சாக்கடைக் குழாயும் குடிதண்ணீர்க் குழாயும் மண்ணுக்கு அடியில் எங்கேயோ சம்பந்தம் பண்ணிக்கொண்டுவிட்டன. எந்த இடத்தில் என்று தோண்டிப் பார்க்க முனிசிபாலிட்டிக்கு நேரமில்லை. விருந்து மட்டும் காலனிக்காரர்களுக்கு.

திருப்பதிக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. பெயர் வேண்டாம். சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். அந்த நாலு பேர் வீட்டிலும் இதே தண்ணீர்தான். காலனியில் பாதிப் பேர் சத்தியவேடு, நகரிப் பக்கத்திலிருந்து நிலத்தை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள். முனிசிபாலிட்டியில் தெலுங்கில் கெஞ்சுவார்கள், வீட்டுக்கு வந்து தமிழில் திட்டுவார்கள்.

அந்த வருஷம் கெஞ்சியதும் திட்டியதும் போதவில்லை. எதிர்வீட்டு ரோஜாவின் சின்னப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தது. அதற்குப் பிறகு காலனியில் கோபத்துக்குப் பஞ்சமில்லை. கோபத்தை இறக்கி வைக்க ஒரு தலை வேண்டும் அல்லவா? கவுன்சிலர் பிரேமலதாவின் தலை வசதியாக இருந்தது.

பிரேமலதாவின் அம்மா லட்சுமம்மா இதே ஊர்த் தெருக்களைக் கான்ட்ராக்டில் பெருக்கியவள். கங்காதர நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த, கையளவு நிலம்கூட இல்லாத குடும்பம். வார்டு தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது டிகிரி படித்திருந்த பிரேமலதா நின்றாள், ஜெயித்தாள். காலனிக்காரர்களும் ஓட்டுப் போட்டார்கள். நேரில் பார்த்தால் 'கவுன்சிலரம்மா' என்பார்கள். அவள் தலை மறைந்ததும் 'லட்சுமம்மா பொண்ணு' ஆகிவிடுவாள். அதைச் சொல்லும்போது உதடு கொஞ்சம் கோணும். கோணுவது அவர்களுக்கே தெரியாது.

தரணிக்கும் தெரியாது. தரணி வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். அவள் புருஷன் திருவேங்கடம் ஆட்டோ ஓட்டுகிறான். நாராயணவனத்துக்குக் கல்யாண வேண்டுதலோடு வருகிறவர்களை ஏற்றி இறக்குவான். பூனை மாதிரி ஆள். வீட்டில் குரல் உயர்த்த மாட்டான், சவாரிக்காரர்களிடம் பேரம்கூடப் பேச மாட்டான். அந்தத் தெருவில் தரணியைத்தான் எல்லோரும் வாய்க்காரி என்பார்கள்.

ஜாத்திரைக்கு முந்தின வாரம் பிரேமலதா அவளிடம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். வெயிலில் நடந்து வந்தவள் தண்ணீர் கேட்டாள். தரணி கடையில் வாங்கி வைத்திருந்த பாட்டிலை அப்படியே நீட்டினாள். குழாய்த் தண்ணீர் நன்றாக இல்லை என்பது நல்ல சாக்காக இருந்தது. மற்றவர்களுக்கு அவள் அதே பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றித்தான் கொடுப்பாள்.

பிரேமலதா அதைக் கவனித்தாளோ இல்லையோ, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அன்று அவள் வேறு ஒரு சந்தோஷத்தில் இருந்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது.

"அக்கா, உங்க கிட்ட மட்டும் சொல்றேன். லைன் மாத்துற வேல ஓகே ஆயிடுச்சு. மொத்த காலனிக்கும் புதுப் பைப்பு. ஊர்வலம் போற ரோடுன்னு இப்ப தோண்டக்கூடாதுன்னுட்டாங்க. ஜாத்திரை முடிஞ்ச மறுநாளே ஜேசிபி வந்துரும்."

"நெஜமாவா? இத்த வெளிய சொல்றதுக்கு இன்னா?"

"போன வாட்டி தேதி சொன்னேன். வேல நடக்கல. ரோட்டுல நிக்க வெச்சுக் கேட்டாங்களே, நீங்க பாக்கல? இந்த வாட்டி பைப்பு வந்து எறங்கட்டும். அதுவரிக்கும் யாருக்கும் சொல்லாதீங்கக்கா."

அந்த ஓகேவை வாங்க அவள் பட்ட பாட்டையும் சொன்னாள். முனிசிபாலிட்டி என்ஜினீயர் ஏ.ஈ. ஹேமநாத்தின் மேஜை முன்னால் மாதக்கணக்கில் நின்றிருக்கிறாள். அவள் கேள்வி கேட்பாள், அவர் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆம்பளையைப் பார்த்துப் பதில் சொல்வார். யாரும் பக்கத்தில் இல்லையென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். உட்காரச் சொன்னதே இல்லை. இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். தரணியும் சேர்ந்து சிரித்தாள், கைமேல் அடித்து யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள்.

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில்தான் கங்கம்மா ஜாத்திரை வரும். பெண்டுகளை விட்டுவைக்காத பாளையக்காரன் ஒருவன் இருந்தானாம். கங்கம்மா அவனை வெட்டப் புறப்பட்டாள், அவன் ஓடி ஒளிந்துகொண்டான். அவனுக்கு ரோஷம் வந்து வெளியே வரட்டும் என்று அவள் நாளுக்கு ஒரு வேஷம் போட்டுத் தெருத்தெருவாகப் போய்க் காது கூசும்படி திட்டினாளாம். அதனால் ஜாத்திரை நாட்களில் வேண்டுதல் உள்ள ஆம்பளைகள் உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வேஷம் கட்டுவார்கள். வேஷத்தில் இருக்கிறவன் யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். பெரிய ஆபீசராக இருந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அவன் கையால் வேப்பிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அது அம்மன் வாக்கு. வேஷம் கலைந்தபின் திட்டினவனும் அதைப் பேசக்கூடாது, வாங்கினவனும் பேசக்கூடாது.

ஊரில் இது பெரிய வேடிக்கை. கடன்காரனை, மாமியாரை, மேஸ்திரியை எல்லாம் அன்று திட்டித் தீர்ப்பார்கள். மறுநாள் அவர்களோடே உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

குங்கும வேஷம் போடும் நாள் காலையில் திருவேங்கடம் இடுப்பில் வேப்பிலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தரணி அவன் முதுகில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தைப் பூசிக்கொண்டிருந்தாள்.

"தரணி, ரோஜா கொழந்த ஆஸ்பத்திரில கெடந்தப்பவே வேண்டிக்கினேன். இன்னிக்குக் கவுன்சிலரு வாசல்லதான் நிக்கப்போறேன்."

தரணியின் கை நின்றது. சொல்லிவிடலாம். 'போகாதே, வேலை ஓகே ஆகிவிட்டது' என்று நாலு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று நினைத்தாள். அது மட்டும்தான் காரணம் என்றால் பரவாயில்லை. பூனை மாதிரி புருஷன் ஒரு நாளாவது ஊர் நடுவில் நின்று கத்துவதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. வழக்கம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று மிச்சக் குங்குமத்தையும் அவன் தோளில் வழித்துப் பூசினாள்.

பம்பை முழங்கக் காலனியே அவன் பின்னால் போனது. பிரேமலதா தயாராக வாசலில் நின்றாள். தரணி தைத்துக் கொடுத்த பச்சை ஜாக்கெட்தான் போட்டிருந்தாள். லட்சுமம்மா கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. எந்த வேஷக்காரன் வந்தாலும் வரவேற்க வேண்டுமே.

"ஏய் கவுன்சிலரு! வாடி வெளிய!" என்று திருவேங்கடம் ஆரம்பித்தான். அந்தக் குரல் அவனுடையது என்று தரணிக்கே நம்பிக்கை வரவில்லை. "எங்க ஊட்டுத் தண்ணி ஒரு சொம்பு எடுத்தாந்துகீறேன், குடிக்கிறியாடி? பைப்பையே முழுங்கிட்ட பொம்பளைக்குத் தண்ணி இன்னா பெருசா? காணிப்பாக்கத்துக்கு வா! எவன் கிட்ட எவ்ளோ துன்னேன்னு புள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணு!"

கூட்டம் கைதட்டியது. பிரேமலதாவும் லேசாகச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அதுவரைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் திருவேங்கடம் அடுத்ததைத் தேடினான். கூட்டம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கூட்டம் அவனுக்காகக் காத்திருந்தது.

"உங்கம்மா தொடப்பம் புடிச்சிக்கினு இருந்தா, தெரு சுத்தமா இருந்திச்சு. நீ நாக்காலில குந்தின, ஊரே நாறுது! தொடப்பத்த ஏன்டி உட்ட?"

சிரிப்பு வெடித்தது. ஆண்கள் விசிலடித்தார்கள். தரணி புருஷனுக்கு நேர் பின்னால் நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அடக்கியும் முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

அதற்குமேல் அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. அந்தப் பெண்ணின் உடம்பைப்பற்றிப் பேசினான். எதைக் கொடுத்து நாற்காலி வாங்கினாள் என்று பேசினான். பிரேமலதாவின் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை. லட்சுமம்மா குனிந்து அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி குனிந்தே இருந்தாள். பிரேமலதா வேப்பிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள்.

ரோஜா முழுவதையும் போனில் பிடித்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் அந்த வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தார்கள், டீக்கடையில் போட்டுப் பார்த்தார்கள். முனிசிபாலிட்டி ஆபீசில் பிரேமலதா படியேறும்போது யாரோ சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டார்களாம். ஹேமநாத் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாராம். பார்த்துவிட்டுச் சிரித்தாராம். வார்டு ஆபீசான சச்சிவாலயத்தில் வேலை பார்க்கிற பெண் இதை ஜாக்கெட் வாங்க வந்த இடத்தில் ஏதோ சினிமாக் கதை மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

தரணியும் வீடியோவைப் பார்த்தாள். புருஷனுடைய செக்கச்செவேலென்ற தோளுக்கு மேலே அவளுடைய முகம் தெரிந்தது. பல் தெரிய, கண் இடுங்க, யாரோ ஒரு கெட்டவள் மாதிரி இருந்தது. அவள் தன் சிரிப்பை அதற்குமுன் வெளியிலிருந்து பார்த்ததில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று தைத்த ஜாக்கெட்டின் கை இரண்டையும் மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்தாள்.

கெட்ட வார்த்தைக்கு நான் சிரிக்கவில்லையே என்று மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடினாள். உண்மைதான். அதற்கு முன்னாலேயே, அந்த அம்மாவின் துடைப்பத்துக்குத்தான் சிரித்தாள். வாதம் அவளுக்கே எதிராகத் திரும்பியது.

ஜாத்திரை முடிந்த மறுநாள் ஜேசிபி வந்தது. லாரியில் நீலப் பைப்புகள் வந்து இறங்கின. ஒரு வாரத்தில் பழைய லைனைப் பெயர்த்துப் புது லைன் போட்டார்கள். குழாயைத் திறந்தால் நாற்றம் இல்லை, காற்றில்லை, வெறும் தண்ணீர் வந்தது. ரோஜா அதைக் கையில் பிடித்துப் பார்த்து அழுதேவிட்டாள்.

"அம்மன் வாக்கு பலிச்சுது பாத்தியா? திருவேங்கடண்ண வாய் தொறந்தாரு, தண்ணி வந்திச்சு!" என்றாள்.

அதுதான் காலனியின் தீர்ப்பு. டீக்கடையில் திருவேங்கடத்துக்குத் துண்டு போர்த்தினார்கள். "இத்தன நாளு மரியாதயா கேட்டோம், வேல ஆவல. அந்த ஜாதிக்கு அப்படிக் கேட்டாத்தான் ஒறைக்கும்" என்று ஒருவன் சொன்னான். யாரும் மறுக்கவில்லை. பள்ளத்தின் அந்தப் பக்கம் பிரேமலதா வெயிலில் நின்று மண் தள்ளி மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண்பிள்ளைகூட அவளிடம் போய் நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. தரணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், பிறகு ஜன்னலைச் சாத்தினாள்.

சாயங்காலம் திருவேங்கடம் துண்டோடு வீட்டுக்கு வந்தான். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். "நம்ம வாயால வந்த தண்ணி" என்று வெட்கமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தரணியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"உன் வாயால வர்ல. அவதான் கொண்டாந்தா. ஜாத்திரைக்கு முன்னாடியே ஓகே ஆயிடுச்சு. எனக்குத் தெரியும்."

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"தெரிஞ்சுக்கினா எனக்குக் குங்குமம் பூசின?"

அவன் துண்டை மடித்தான், மறுபடி பிரித்தான், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"நா அப்படியெல்லாம் பேசணும்னு போவல தரணி. தண்ணியப் பத்தி நாலு வார்த்த கேக்கலாம்னுதான் போனேன். ஜனம் சிரிக்கச் சிரிக்க வாய் தானா போய்க்கினே இருந்திச்சு."

"வா, போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்லாம்."

"வேஷத்துல பேசினதுக்கு மன்னிப்புக் கேட்டா அம்மன் வாக்கப் பொய்னு சொன்ன மாதிரி. அது கூடாது. யாரும் கேட்டதில்ல."

வழக்கம் அவனுக்குக் கதவை அந்தப் பக்கமிருந்து சாத்திவிட்டது. அவன் வெளியே வர வேண்டும் என்று நினைத்திருந்தாலும் வழியில்லை. அன்றைக்கப்புறம் அவன் அந்த டீக்கடைக்குப் போகவில்லை. ஸ்டாண்டில் யாராவது அந்த வீடியோவைப் போட்டால் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு காலியாகவே சுற்றி வந்தான்.

மறுநாள் மத்தியானம் தரணி தனியாகப் பிரேமலதாவின் வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனாள். லட்சுமம்மா உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிரேமலதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தரணி டம்ளரை வாங்கி, பாதி குடித்து, மீதியைக் குடிக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு வரணும்னு கீறாரு. வேஷத்துல சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கக்கூடாதாம். அதான் அவருக்குப் பதிலா நா வந்தேன். அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா. மனசுல வெச்சுக்காதே."

"நா ஒண்ணும் வெச்சுக்கலக்கா" என்றாள் பிரேமலதா. குரலில் கோபம் இல்லை. அசதிதான் இருந்தது. "சின்ன வயசுலருந்து பாக்குறேன். எங்க நைனாகூட வேஷம் போட்டு முதலாளிங்களத் திட்டியிருக்காரு. அண்ணன் பேசினது அம்மனுக்கு. அத நா வேப்பெலையோட சேத்து வாங்கி அங்கயே உட்டுட்டேன். அவர ஒண்ணும் கவலப்பட வேணாம்னு சொல்லுங்க."

தரணிக்கு மூச்சு வந்தது. வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்றிருந்தது. மிச்சத் தண்ணீரைக் குடிக்க டம்ளரைத் தூக்கினாள்.

"ஆனா நீங்க ஏன்க்கா அவருக்காக வந்தீங்க?" என்று பிரேமலதா கேட்டாள். "அவரு வேஷத்துல இருந்தாரு. நீங்க உங்க மூஞ்சோடதான நின்னுக்கினு இருந்தீங்க."

தரணி டம்ளரை மறுபடி மடிக்கு இறக்கினாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. லட்சுமம்மா இந்தப் பக்கம் திரும்பவில்லை. பிரேமலதா பதிலுக்குக் காத்திருந்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறவள் போலத்தான் இருந்தது அவள் முகம். தரணி எழுந்தாள். டம்ளரைக் கழுவி வைக்கலாமா, அப்படியே வைப்பதா என்று தெரியவில்லை. ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே வந்தாள். செருப்பை மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த நாள் காலையில் குழாயடியில் எல்லோரும் இருந்தார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ரோஜா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திருவேங்கடண்ணன் படத்தைக் குழாய்க்கு மேலே மாட்ட வேண்டும் என்று யாரிடமோ கேலி பேசிக்கொண்டிருந்தாள். தரணி குடத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தண்ணி பிரேமலதா கொண்டாந்தது. எங்க ஊட்டுக்காரர் திட்டுனதால வர்ல. ஜாத்திரைக்கு முந்தின வாரமே வேல ஓகே ஆயிட்டதா எங்கிட்ட வந்து சொன்னா. எனக்குத் தெரியும்."

யாரோ குழாயை மூடினார்கள். ரோஜா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அந்த வீடியோவை அவளைவிட அதிகம் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"அப்ப, தெரிஞ்சுக்கினேவாக்கா அப்படிச் சிரிச்ச?"

தரணிக்கு முந்தானை கையில் தட்டுப்பட்டது. அதை எடுத்து வாயை மூடிக்கொள்ளத்தான் கை போயிற்று. கையை இறக்கினாள்.

"ஆமா" என்றாள். "தெரிஞ்சுதான் சிரிச்சேன்."